கொழுந்தன் கழற்றிப்போன கோடாலித் தலை

சவேரியாவுக்கு எதைப் பார்த்தாலும் குமட்டும். கலாப்ரியா மலையில் அந்த ஊரில் இதைத் தெரியாதவர் கிடையாது. கல்யாண விருந்தில் நாலு பேர் ஒரே கிண்ணத்தில் ரொட்டியைத் தோய்த்துத் தின்றால் அவள் எழுந்து வாசலுக்குப் போய்விடுவாள். பன்றி அறுக்கிற நாளில் குடல் கழுவ எல்லாப் பெண்களும் ஓடைக்கு இறங்குவார்கள். இவள் மட்டும் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, மற்றவர்கள் கழுவி முடித்ததை வாங்கி மறுபடியும் கழுவிக்கொண்டிருப்பாள். "மகாராணிக்கு மூக்கை மட்டும் ரோமாபுரியில செஞ்சு அனுப்பியிருக்கு" என்று சாராயக்கடை வாசலில் உட்கார்ந்து கேலி பேசுவார்கள். பேசட்டுமே. பேசுகிறவர்களின் மீசையில் முந்தின நாள் குடித்த அவரைக்காய்ச் சாறு காய்ந்து ஒட்டியிருக்கும். அவர்களுக்கு என்ன வாய் வேண்டிக்கிடக்கிறது!

அப்படிப்பட்டவள் போய்ப் போய் ஒரு மரம்வெட்டியைக் கட்டிக்கொண்டாள். கோஸ்மோ என்று பெயர். வியர்வையும் மரப்பாலும் ஒட்டின சட்டையோடு திரிகிற கூட்டத்தில் அவனும் ஒருத்தன்தான். ஆனால் காட்டிலிருந்து இறங்கியதும் ஓடையில் முழங்கை வரைக்கும் கழுவி, நகக்கண்ணைக் குச்சியால் சுரண்டிவிட்டுத்தான் வீட்டு வாசலை மிதிப்பான். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, அவன் சுபாவம் அது. அந்த ஒன்றுக்காகத்தான் அவனுக்குக் கழுத்தை நீட்டினாள் என்று ஊர் சொல்லும். பதினொரு வருடம் அவனோடு வாழ்ந்தாள். பிள்ளை இல்லை. போர் முடிந்த ஒன்பதாம் வருடத்து ஜனவரியில் நெஞ்சுச் சளி கட்டி, எட்டே நாளில் கோஸ்மோ போய்ச் சேர்ந்தான்.

அவன் விட்டுப் போனது ஓர் அறையும் அடுப்பும், ஒரு ஜோடிப் புதுப் பூட்ஸ், ஒரு கோடாலி. கோடாலி என்றால் இரும்பு வேறு, காம்பு வேறு. அந்த மலையில் காம்புக்கு ஆப்பு அடிப்பதில்லை. காம்பு தலைமாட்டில் தடித்து, கைப்பக்கம் ஒடுங்கி வரும். ஒடுங்கின பக்கத்தைக் கோடாலித் தலையின் துளைக்குள் மேலேயிருந்து விட்டு இழுத்தால், தடித்த நுனி வந்து துளையில் கவ்விக்கொள்ளும். வெட்ட வெட்ட இறுகும். கழற்ற வேண்டுமென்றால் காம்பின் அடியைக் கல்லில் ஓங்கி ஒரு குத்து, அவ்வளவுதான். தலை சறுக்கிக் கைக்கு வந்துவிடும். காட்டுக்குப் போகிறவர்கள் இரும்பைப் பையில் போட்டுக்கொண்டு காம்பை ஊன்றி நடப்பார்கள்.

இரும்பும் மரமும் இப்படிச் சுலபமாகப் பிரிவதால் சொத்திலும் அவை பிரிந்தே நின்றன. இரும்பு தகப்பன் வழிக்குச் சேரும். காம்பு செதுக்கினவன் வீட்டுக்குச் சேரும். யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் யாரும் மீறியதில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாளே கோஸ்மோவின் தம்பி பியாஜோ வந்து நின்றான். இவனைப் பற்றி என்ன சொல்ல! முப்பத்தாறு வயது, கல்யாணம் ஆகாதவன், ஆளைப் பார்த்தால் குறை சொல்ல முடியாது. வாயைத் திறந்தால்தான் வினை. பேசும்போது உதட்டோரம் வெள்ளையாக நுரை கட்டும். அதை நாக்கால் நக்கி உள்ளே தள்ளிக்கொண்டே பேசுவான். சவேரியா அவனோடு பேசுகையில் எப்போதும் அவன் தோளுக்கு மேலே எதையாவது பார்த்துக்கொண்டிருப்பாள்.

"மதினி, ஒரு வாய் ஏதும் இருக்கா? காலையிலேர்ந்து ஒண்ணும் திங்கல."

கொழுந்தனாயிற்றே என்று அவரைச் சாறும் கரிய ரொட்டியும் எடுத்து வைத்தாள். அவன் ரொட்டியைப் பிய்த்து, விரலோடு சேர்த்துச் சாற்றில் முக்கி, விரலைச் சூப்பி, அதே விரலால் அடுத்த துண்டை எடுத்தான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தின்று முடித்து ஏப்பம் விட்டுவிட்டு, மூலையில் சாத்தியிருந்த கோடாலியை எடுத்தான்.

"அப்பாவோட இரும்பு இது. அண்ணன் போயாச்சு. இனிமே என்கிட்டதான இருக்கணும்?"

"இப்பவேவா தம்பி? காட்டு வேலை முடியட்டுமே. சூசையப்பர் திருநாள் கழிஞ்சதும் நானே கொண்டாந்து தாரேன்."

"அது எப்படி மதினி? முறைன்னு ஒண்ணு இருக்குல்ல." நுரையை நக்கினான். "காம்பு அண்ணன் செதுக்கினது. அதை நான் தொட மாட்டேன். உங்களுக்கு உள்ளது உங்களுக்கு."

வாசற்படிக் கல்லில் காம்பின் அடியை ஒரு குத்துக் குத்தினான். தலை சறுக்கி அவன் முஷ்டியில் வந்து உட்கார்ந்தது. காம்பை உருவி அவள் பக்கம் நீட்டினான். அவன் விரலில் இருந்த அவரைச் சாறு அதில் ஈரமாக ஒட்டியிருந்தது. இரும்பைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, ஏதோ பெரிய தர்மம் பண்ணினவன் மாதிரி தொப்பியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனான். அவன் தின்ற கிண்ணத்தைச் சாம்பல் போட்டு மூன்று தடவை தேய்த்தும் மனசு ஆறாமல், கடைசியில் அதைக் கோழிக்குத் தண்ணீர் வைக்கப் போட்டுவிட்டாள்.

"செத்தவன் படுக்கை ஆறல, அதுக்குள்ள வந்து புடுங்கிட்டுப் போறான் பாரு, எச்சிக்கலை!" என்று அடுத்த வீட்டுப் பெப்பினா வெடித்தாள். பெப்பினாவும் விதவைதான். வாய் நீளம், மனசு சுத்தம். "ஏட்டி, உன் பங்கு மரத்தை இப்ப எதை வச்சு வெட்டுவ? பல்லை வச்சா?"

அதுதான் விஷயம். ஊர்க் காட்டில் கஷ்கொட்டை மரம் அடுப்புக்கு ஒரு பங்கு. எரிகிற அடுப்பு எத்தனையோ அத்தனை பங்கு. சவேரியா அடுப்புக்கு அந்த வருடம் முப்பத்தெட்டு அடிமரம் பங்காக விழுந்திருந்தது. ஒவ்வொரு அடிமரத்திலும் ஐந்தாறு கழி நீண்டு நிற்கும். அவற்றை வெட்டிக் கீழே திராட்சைத் தோட்டக்காரர்களிடம் கொடுத்தால் வருடத்துக்கு மாவும் அவரையும் எண்ணெயும் வந்துவிடும். ஆனால் மரத்தில் பால் ஏறுவதற்குள், மார்ச் பத்தொன்பது சூசையப்பர் திருநாளுக்குள், வெட்டி முடிக்க வேண்டும். வெட்டுவதும் அந்த அடுப்புக்காரர் கையாகத்தான் இருக்க வேண்டும். ரம்பம் கூடாது. ரம்பத்தில் அறுத்த அடிக்கட்டையில் தண்ணீர் தங்கி அழுகும், மறு தளிர் வராது என்று வனக்காவலர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்ப்பார். கோடாலியால் சரிவாக வெட்டியிருந்தால்தான் முத்திரை குத்துவார். நாளுக்குள் முடிக்காத அடுப்பின் பங்கு நெருங்கின சொந்தக்காரன் அடுப்புக்குப் போய்விடும். காவலர் புத்தகத்திலிருந்து அந்த அடுப்பின் பெயரையே அடித்துவிடுவார்கள். அதற்கப்புறம் அந்தப் பெண்பிள்ளை யாராவது ஒருத்தன் வீட்டு மூலையில் ஒண்டி, அவன் போடுகிற சோற்றைத் தின்றுகொண்டு கிடக்க வேண்டியதுதான்.

நெருங்கின சொந்தக்காரன் யார்? பியாஜோதான். நாளோ பதினெட்டுதான் இருந்தது.

யாரிடமாவது இரவல் கேட்கலாம் என்றால், வெட்டு நடக்கிற வாரத்தில் எவன் கோடாலி சும்மா கிடக்கிறது? கிடந்தாலும் கொடுக்க மாட்டார்கள். கோடாலியை இரவல் கொடுத்தால் வீட்டுக்கு ஆகாது என்று நினைக்கிற ஊர் அது. மறுநாள் விடிந்ததும் சவேரியா காம்பைத் தூக்கிக்கொண்டு கொல்லர் அர்கான்ஜெலோவின் பட்டறைக்கு இறங்கினாள்.

அர்கான்ஜெலோ காம்பை வாங்கி, ஒற்றைக் கண்ணை மூடி நுனியிலிருந்து அடிவரை பார்த்தார். "இது நேர்க் காம்பு இல்லைம்மா. உன் மாமனார் இரும்புல துளை கோணல். அந்தக் காலத்துல எவனோ குடிச்சிட்டு அடிச்சிருக்கான். கோஸ்மோ அந்தக் கோணலுக்குத் தக்கபடி ஒரு கன்னத்தைத் தடிப்பா விட்டு வச்சிருக்கான் பாரு. மூணு வருஷம் காய வச்ச ஓர்னோ மரம், லேசுல ஒடியாது. வேலைக்காரன்."

"இதுக்கு ஏத்த தலை ஒண்ணு குடுங்க அண்ணாச்சி."

"வெட்டுக் காலக் கடைசி. எல்லாம் போயிட்டு. ரெண்டுதான் இருக்கு." இரண்டையும் பட்டறைக் கல்லின் மேல் போட்டார். ஒன்றின் துளை பெரியது, இன்னொன்றின் துளை சின்னது. "சின்னதுதான் நல்ல இரும்பு. ஆனா இந்தக் காம்பு அதுக்குள்ள போகாது. நுனியைச் சீவணும். நுனி மட்டும் இல்ல, அடியும் அந்தத் துளை வழியாத்தான நுழையணும், அதனால கைப்பிடியையும் சீவணும். மொத்தத்துல மேலேர்ந்து கீழ வரைக்கும் உரிச்சாகணும்."

கைப்பிடி என்று அவர் சொன்னதும் சவேரியாவின் கை தன்னால் அங்கே போனது. கோஸ்மோ தன் பெருவிரல் பதியும்படி அங்கே ஒரு பள்ளம் தோண்டியிருந்தான். ஒன்பது வருடத்து வியர்வையில் அந்த இடம் கறுத்து, கண்ணாடி மாதிரி வழவழத்துக் கிடந்தது.

"சின்னதோட துளையைப் பெரிசாக்க முடியாதா?"

"உலையில போட்டு ஆணி அடிச்சு விரிக்கலாம். கன்னம் மெலிஞ்சிரும். விளிம்புல ஏத்தின பதமும் போயிரும். மரத்துல முதல் கணு பட்டதும் பிளந்துக்கும். நான் செய்ய மாட்டேன், என் பேரு கெட்டுரும்."

"அப்ப பெரிசைக் குடுங்க. இடைவெளிக்கு ஏதாவது சுத்திக்கிடுதேன்."

அர்கான்ஜெலோ காறித் தரையில் துப்பினார். அவள் காலை நகர்த்திக்கொண்டாள். "சைக்கிள் டியூப்பைச் சுத்துவியா? சோம்பேறிப் பய வேலை அது. சொல்லுதேன் கேளு, பெரிசை எடுத்தா காம்பு தப்பிச்சுக்கும், நீ தப்ப மாட்ட."

அவள் கேட்கவில்லை. கோஸ்மோவின் புதுப் பூட்ஸைக் கொடுத்துப் பெரியதையே வாங்கிக்கொண்டு போனாள். துணி, தோல், டியூப் என்று ஒன்று மாற்றி ஒன்று சுற்றி இறுக்கினாள். காட்டில் அவள் கோடாலியைப் பார்த்தவர்கள் சிரித்தார்கள். "சவேரியா கோடாலிக்குப் பல்வலி போல, தாடையில கட்டுப் போட்டிருக்கு!" என்றான் ஒருத்தன். அவளுக்கே அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. அழுக்குப் பிடித்த ரப்பர் துளையிலிருந்து நாக்கு மாதிரி வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. வெட்டுக்கு வெட்டு நழுவியது. நிறுத்துவாள், இறுக்குவாள், மறுபடி ஓங்குவாள். ஒரு நாளைக்கு இரண்டு அடிமரம் முடிப்பதற்குள் நாக்குத் தள்ளிவிடும். ஐந்தாம் நாள் ஓங்கின வேகத்தில் தலை கழன்று பறந்து, கழி கட்டிக்கொண்டிருந்த பெப்பினாவின் காதுக்கு ஒரு சாண் தள்ளிப் போய் மரத்தில் இறங்கியது.

பெப்பினா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மூச்சு வந்ததும் கத்தினாள். "என்னைக் கொன்னு போட்டுட்டு யாருகிட்ட கதை பேசப் போற நீ? ஒரு குச்சியைச் சீவ மனசு வரல, என் மண்டையைச் சீவ வாரியா?"

சவேரியாவுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. அன்றைக்கே பட்டறைக்குப் போய்ப் பெரியதைத் திருப்பிக் கொடுத்துச் சின்னதை வாங்கி வந்தாள். அர்கான்ஜெலோ நல்ல மனிதர், ஒரு வார்த்தை சொல்லிக்காட்டவில்லை. வந்தாளே தவிர, சீவவில்லை. காம்பை மடியில் வைத்துக்கொண்டு அரிவாளை எடுப்பாள், பள்ளத்தில் பெருவிரலை வைத்துப் பார்ப்பாள், அரிவாளைக் கீழே போடுவாள். பச்சை மரத்தில் புதுக் காம்பு போடலாமா என்று யோசித்தாள். ஒரு வாரத்தில் சுருங்கி ஆடும், அடுத்த தடவை பெப்பினாவின் காது தப்பாது. இப்படியே நாட்கள் ஓடின. சூசையப்பர் திருநாளுக்கு ஆறு நாள்தான் பாக்கி, இருபத்தெட்டு அடிமரம் நின்றுகொண்டிருந்தது.

அன்று காலைதான் பியாஜோ மறுபடியும் வந்தான்.

வந்த கோலம் இருக்கிறதே! ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு, தலையில் வழிய வழிய எண்ணெய், அதற்கு மேல் நாவிதன் கடை வாசனைத் தண்ணீர். ஒரு கையில் ஓலைக்கூடையில் புதுப் பாலாடைக்கட்டி. வாசனைத் தண்ணீரும் பால் புளிப்பும் கலந்து அடித்ததில் சவேரியா கழுத்துத் துணியை மூக்குவரை இழுத்துக்கொண்டாள். மடியில் காம்போடு அடுப்படியில் உட்கார்ந்திருந்தவள் எழுந்திருக்கவில்லை.

"மதினி, நல்லா இருக்கியளா? உங்களுக்காகத்தான் கொண்டாந்தேன். இன்னும் சூடு ஆறல."

"அங்க வைங்க."

அவன் அவள் எதிரே முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். நாடாப் பையிலிருந்து தகப்பன் இரும்பை எடுத்து முழங்காலில் வைத்துக்கொண்டான். ஊருக்கெல்லாம் தெரிந்த கதைதான். இவன் அதற்கு இரண்டு காம்பு போட்டுவிட்டான், இரண்டும் நிற்கவில்லை. நேர்க் காம்பு கோணல் துளையில் ஒரு பக்கம் மட்டும் கவ்வும், விளிம்பு எங்கேயோ பார்க்கும், மூன்றாம் நாள் ஆட ஆரம்பிக்கும். இவன் வடக்கே வெட்டினால் கோடாலி கிழக்கே போகிறது என்று காடே சிரித்தது.

"அந்தக் காம்பை என்கிட்ட குடுத்திருங்க மதினி. வெறும் குச்சிதான. உங்களுக்கு அது எதுக்கு?"

"நீங்கதான சொன்னிய, தொட மாட்டேன், உங்களுக்கு உள்ளது உங்களுக்குன்னு."

"சொன்னேன், சொன்னேன்." சிரித்தான். உதட்டோரம் நுரை வந்தது. நக்கினான். முக்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்த்தினான். "மனசு விட்டுச் சொல்லிருதேன். இரும்பு என் வீட்ல இருக்கு, காம்பு உங்க வீட்ல இருக்கு. தனித்தனியா இருந்தா ரெண்டுக்கும் பிரயோசனம் இல்ல. ஒரே கூரைக்குள்ள வந்துட்டா ஊரும் மெச்சும், அண்ணன் ஆத்மாவும் குளிரும். சாமியார்ட்ட கூடப் பேசிட்டேன். ஒரு வருஷம் துக்கத்துக்குக் கறுப்பு உடுத்தினாப் போதும், அதுக்கப்புறம் கட்டிக்கிடலாம்னாரு."

சவேரியா அவன் தோளுக்கு மேலே பார்க்கவில்லை. முதல் தடவையாக அவன் முகத்தையே நேராகப் பார்த்தாள்.

"இதுக்குத்தான் அன்னைக்கு இரும்பைக் கழட்டிட்டுப் போனியா?"

"பின்ன? எனக்கு இரும்பா பெரிசு!" தன் சாமர்த்தியத்தில் தானே மயங்கிப்போய்விட்டான் மடையன். "கோடாலி இல்லாம நீங்க எத்தனை நாள் தாக்குப் புடிப்பியன்னு பாத்தேன். வனக்காவலர்ட்டயும் சொல்லி வச்சாச்சு, உங்க பங்கை என் அடுப்புல எழுதிரச் சொல்லி. எப்படியும் அங்கதான வரப் போறிய. அண்ணன் இருக்கும்போதே எனக்கு உங்க மேல..." என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டி, அவள் மடியில் கிடந்த காம்பைத் தடவினான். மேலேயிருந்து கீழே வரைக்கும் மெதுவாகத் தடவி, கோஸ்மோவின் பள்ளத்தில் தன் பெருவிரலை வைத்து அழுத்தினான். "நம்ம கைக்கும் சரியாத்தான் இருக்கு, பாத்தியளா."

தூ! அந்தப் பாலாடைக்கட்டி விரல், ஈரம், எண்ணெய். அண்ணன் உயிரோடு இருக்கும்போதே இந்தக் கண் தன் மேல் ஊர்ந்திருக்கிறது, இந்த வாய்க்குத்தான் தன் கையால் சோறு போட்டிருக்கிறோம் என்று நினைக்க நினைக்கச் சவேரியாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. காம்பை அவன் கையிலிருந்து இழுத்துக்கொண்டு எழுந்து வாசலுக்குப் போனாள். வாசற்படிக் கல்லில் உட்கார்ந்து, காம்பைக் கால்களுக்கு நடுவே இடுக்கி, அரிவாளை எடுத்தாள்.

முதல் சீவல் கைப்பிடியில்தான் விழுந்தது. அந்தப் பள்ளத்திலேயே.

பியாஜோவுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. வாசலில் வந்து நின்று இளித்தான். "என்ன மதினி, எனக்காகச் சரி பண்ணுதியளா?"

அவள் அரிவாளை மறுபடி இழுத்தாள். கைப்பிடி கறுத்த தோல் மாதிரி உரிந்து வந்தது, உள்ளே வெள்ளை மரம் தெரிந்தது. அடியிலிருந்து மேலே போனாள். காம்பின் நடுவைச் சீவினாள், பிறகு அதைத் திருப்பி நுனிக்கு வந்தாள். கோஸ்மோ கோணலுக்காக விட்டுவைத்திருந்த தடித்த கன்னத்தில் அரிவாள் இறங்கியபோதுதான் பியாஜோவுக்கு உறைத்தது.

"ஏய்! ஏய்! என்ன செய்யுத? அங்க கை வைக்காத! அப்பா இரும்பு அதுலதான்டி நிக்கும்!"

மதினி போய் டி வந்துவிட்டது. சத்தம் கேட்டுப் பெப்பினா தன் வாசலுக்கு வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "என்ன கொழுந்தனாரே, காலங்காத்தால சென்ட்டு மணக்குது? யாரு கல்யாணம்?"

"இவளுக்குக் கிறுக்குப் புடிச்சிட்டு! பாத்துக்கிட்டு நிக்கியே, சொல்லு அவள்ட்ட!"

"எனக்கு ஒரு காதுதான் கேக்கும். இன்னொண்ணு அவ கோடாலிக்குத் தப்பிச்சது, இன்னும் இரைஞ்சுக்கிட்டே கிடக்கு."

சவேரியா கண்ணாடிச் சில்லு எடுத்துக் காம்பை நீள நீளமாகச் சுரண்டினாள். ஒரு சீவலுக்கும் அவள் அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, அழுகின காயத்தை வழிக்கிற மாதிரி வழித்தாள். நடுநடுவே சின்னத் தலையைக் கோத்துப் பார்த்தாள். நுனிக்கு நாலு விரல்கடை முன்னாலேயே நின்றது, பிறகு இரண்டு, பிறகு ஒன்று. பியாஜோ பொறுக்கமாட்டாமல் பாய்ந்து காம்பைப் பிடுங்கினான். அவள் விட்டுவிட்டாள்.

அவன் தகப்பன் இரும்பை எடுத்து அடிப்பக்கமாகக் கோத்து மேலே இழுத்தான். அது தடையில்லாமல் காம்பு நெடுக ஓடி, நுனியில் கவ்வாமல் வெளியே வந்து, அவன் கால்மாட்டில் தொப்பென்று விழுந்தது. மறுபடி கோத்தான். மறுபடியும் விழுந்தது. மூன்றாம் தடவை அவன் கோக்கவில்லை. முகம் சுண்டிப்போய் நின்றான்.

"பாவி. அண்ணன் கையையே அழிச்சிட்டியே."

அவன் வாயிலிருந்து அதுவரை வந்ததில் அந்த ஒரு வார்த்தைதான் நிஜம். அது அவளுக்கு நன்றாகத் தைத்தது. அப்படியும் காம்பை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டு சொன்னாள்:

"ஆமா. உன் கை பட்ட பெறகு அது எனக்கு எதுக்கு?"

சின்னத் தலையைக் கோத்து, கோடாலியைத் தலைகீழாகத் திருப்பி, நுனியைக் கல்லில் ரெண்டு தட்டுத் தட்டினாள். இரும்பு மரத்தைக் கவ்விக்கொண்டது. ஓங்கிப் பார்த்தாள், அசையவில்லை. கழுத்துத் துணியை இறுக்கிக்கொண்டு காட்டுப் பாதையில் நடந்தாள். பியாஜோ இரும்பைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு பத்தடி போனவன், திரும்பி வந்து, பாலாடைக்கட்டிக் கூடையையும் எடுத்துக்கொண்டு போனானாம். பெப்பினா இதைக் காட்டுக்கு வந்து சொன்னபோது காறித் துப்பிவிட்டுத்தான் சொன்னாள். அன்றைக்குச் சவேரியா அதைப் பார்த்துக் காலை நகர்த்தவில்லை.

விடிந்ததிலிருந்து இருட்டும்வரை வெட்டினாள். பெப்பினா கிளை நறுக்கிக் கழிகளைக் கட்டினாள். நாளைக்கு ஐந்து, ஆறு என்று சரிந்தன. திருநாளுக்கு முந்தின நாள் மதியம் வனக்காவலர் வந்து, ஒவ்வொரு அடிக்கட்டையையும் குனிந்து தடவிப் பார்த்தார். பியாஜோ சொல்லி வைத்ததை நம்பி வந்தவருக்கு முகத்தில் கொஞ்சம் அசடு வழிந்தது. குறை ஒன்றும் கிடைக்காமல், முப்பத்தெட்டாவது கட்டையிலும் சுத்தியால் முத்திரை குத்தி, புத்தகத்தில் அவள் அடுப்பை அவள் பெயருக்கே எழுதிக்கொண்டு போனார்.

பெப்பினா ஒரு கழிக்கட்டின் மேல் சாய்ந்து உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். "ஜெயிச்சிட்ட. பல்லைக் காட்டித்தான் சிரியேன்டி. சந்தோஷமா இல்லையா?"

சவேரியா கோடாலியை மடியில் வைத்திருந்தாள். அவள் பெருவிரல் வெள்ளைக் காம்பின் மேல் எதையோ தேடி ஊர்ந்து, கிடைக்காமல் நின்றது.

"குமட்டுது" என்றாள். "அவன் தொட்டதைச் சீவணும்னுதான் சீவினேன். அவரு தொட்டதும் அதோடயே போயிட்டு."

இரண்டு பேரும் எழுந்து, வெளிச்சம் இருக்கும்போதே கழிகளைக் கீழே இழுக்க ஆரம்பித்தார்கள்.